உயிரிமருந்து உற்பத்தியும் ஒழுங்குமுறையும்: முதுநிலைப் படிப்பு பற்றிக் கொங்குப் பகுதியில் கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் உயிர்த்தொழில்நுட்பமோ மருந்தியலோ வேதிப்பொறியியலோ படித்து முடிக்கும் மாணவர்களும், அவர்களுக்காகக் கவலைப்படும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில கேள்விகளுக்கு விடை நீளமானது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

உயிரிமருந்து என்றால் என்ன? மாத்திரை தயாரிப்பதிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

ஆஸ்பிரின் மூலக்கூறின் எடை சுமார் 180 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்புப்பொருள்) ஒன்றின் எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். முன்னதை வேதிவினைகளால் உருவாக்கிவிடலாம்; பின்னதை உயிருள்ள செல் மட்டுமே செய்து தர முடியும். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலின், பாக்டீரியாவைக் கொண்டு மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்ட முதல் மருந்து. இன்றைய ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்துவரும் செல்வகையில் உருவாகின்றன.

உறைநிலையில் வைத்திருக்கும் செல் வங்கியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இளக்கி, சிறு குடுவையிலிருந்து படிப்படியாகப் பெருக்கி, இறுதியில் 2,000 லிட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட பயோரியாக்டர் என்ற வளர்ப்புக் கொள்கலனில் இரண்டு வாரம் வரை வளர்ப்பார்கள். அதன்பின் செல்களை நீக்கி, புரோட்டீன் ஏ என்ற பொருள் நிரப்பிய நெடுங்குழாயில் ஆன்டிபாடியைப் பிடித்து, குறைந்த பி.எச். நிலையில் வைத்து வைரஸ்களைச் செயலிழக்கச் செய்து, மேலும் இரண்டு மூன்று சுத்திகரிப்புப் படிகளையும் வைரஸ் வடிகட்டியையும் கடத்தி, கிருமியற்ற அறையில் குப்பிகளில் நிரப்புவார்கள். வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், ஊட்டக்கரைசல் ஆகியவற்றில் எது சற்று மாறினாலும் புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறக்கூடும். அவை மாறினால் மருந்தின் வேலையும் மாறக்கூடும். லேப் டிப்பில் (ஆய்வகத்தில் சாயமேற்றிப் பார்க்கும் சிறு மாதிரியில்) அச்சாகப் பொருந்திய நிறம் பல்க் சாயமேற்றும்போது ஷேடு மாறிவிடுவதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே வேறுபாடு என்னவென்றால், மாறியது கண்ணுக்குத் தெரியாது.

உற்பத்தியையும் ஒழுங்குமுறையையும் ஏன் ஒரே படிப்பில் சேர்க்கிறார்கள்? இரண்டும் வெவ்வேறு வேலைகள் அல்லவா?

பதவியின் பெயரளவில் வெவ்வேறுதான். ஆனால் இந்தத் துறையின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதாவது ஓர் உற்பத்திக்கூடத்தில் நடந்த தவறு இருக்கிறது. அந்தத் தவறு தெரியாமல் விதியை மட்டும் படிப்பவர் படிவம் நிரப்புபவராகவே நின்றுவிடுகிறார் என்பது என் கருத்து.

1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சுச் சீரம் போடப்பட்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். சீரம் எடுக்கப்பட்ட குதிரைக்கு டெட்டனஸ் தொற்றியிருந்தது. அடுத்த ஆண்டே, 1902இல், உயிரிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது. 1955இல் போலியோ தடுப்பூசி அனுமதி பெற்ற சில நாள்களிலேயே, கட்டர் நிறுவனம் தயாரித்த தொகுதிகள் சிலவற்றில் உயிருள்ள வைரஸ் எஞ்சியிருந்தது தெரியவந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாகச் சுமார் 200 பேர் முடங்கினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் வைரஸ் சீரான வேகத்தில் அழியும் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. பெரிய கொள்கலனில் படிந்த கசடுக்குள் சிக்கிய வைரஸை அந்த வேதிப்பொருள் எட்டவில்லை. அளவைப் பெருக்கும்போது கணக்கு ஏன் பொய்க்கிறது என்பது பொறியியல் கேள்வி. பொய்க்கவில்லை என்று எப்படி மெய்ப்பிப்பது என்பது ஒழுங்குமுறைக் கேள்வி. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கத் தரப்படும் எரித்ரோபொய்ட்டின் வகை மருந்தொன்றில், 1998இல் ஐரோப்பாவில் ஒரு மாற்றம் செய்தார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமினால் நோய் பரவக்கூடும் என்ற அச்சத்தில் அதை நீக்கி, பாலிசார்பேட் 80 என்ற பொருளைச் சேர்த்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில், சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப்பொருள் உருவாகி, சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுபோனது. சிரிஞ்சின் ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருளா, புரதம் திரண்டதா என்று நீண்ட காலம் வாதிட்டார்கள். உற்பத்தியில் மாற்றம் செய்தபின் பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒப்பானவை என்று எப்படிக் காட்டுவது என்பதற்காகவே, மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு க்யூ5இ என்ற வழிகாட்டுதலை வைத்திருக்கிறது. முதுநிலை வகுப்பில் அதை ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். அது எதற்காக எழுதப்பட்டது என்று புரிந்துகொள்ள இத்தகைய நிகழ்வுகள் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்தி உரிமம் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. கசௌலியிலும் கிண்டியிலும் இருந்த அரசுத் தடுப்பூசிக் கூடங்களுக்கும் அதே நிலைதான். நல்லுற்பத்தி நெறிமுறைகளுக்கு ஏற்பக் கட்டடமும் நடைமுறையும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2010இல் நிறுத்திவைப்பு நீக்கப்பட்டது. பிறகு புதிய நெறிமுறைக்கேற்ற கூடம் குன்னூரில் எழுப்பப்பட்டது. அந்த முடிவு சரியா, பொதுத்துறையை வலுவிழக்கச் செய்ததா என்று அன்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது: நூறாண்டு அனுபவமுள்ள நிறுவனத்திடமும், எப்படிச் செய்தாய், அதற்குப் பதிவு எங்கே என்றுதான் ஆய்வாளர் கேட்பார்.

இந்தியாவில் உயிரிமருந்துகளை எந்தச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன?

அடிப்படை, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும். அந்த விதிகளின் எம் அட்டவணைதான் உற்பத்திக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. 2023 டிசம்பரில் அதைப் பெருமளவு திருத்தி வெளியிட்டார்கள். உயிரிப்பொருள்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆண்டு வருவாய் 250 கோடி ரூபாய்க்குக் குறைவான சிறு, நடுத்தர நிறுவனங்களில் விண்ணப்பித்தவர்களுக்கு 2025 இறுதிவரை காலநீட்டிப்பும் தரப்பட்டது.

சாதாரண மாத்திரைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் உரிமம் போதும். சீரம், தடுப்பூசி, மரபணு மறுசேர்க்கை மருந்துகள் ஆகியவற்றுக்கு மத்திய உரிம அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். அந்த உரிமத்தின் படிவ எண் 28-டி. மரபணு மாற்றிய செல்லைக் கையாள்வதால் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றின்படி நிறுவனத்துக்குள்ளேயே ஓர் உயிரிப்பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதற்குமேல், மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையில் மரபணு மாற்றத்தை மறுஆய்வு செய்யும் குழு இருக்கிறது. மனிதர்களிடம் பரிசோதிப்பதற்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் பொருந்தும். காப்புரிமை முடிந்த உயிரிமருந்துக்கு ஒப்பானதைத் தயாரிப்பதற்கான வழிகாட்டுதல் 2012இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது. தயாரித்த மருந்துகளைச் சோதிக்க நொய்டாவில் தேசிய உயிரிப்பொருள் நிறுவனமும், தடுப்பூசிகளுக்குக் கசௌலியில் மத்திய மருந்து ஆய்வகமும் இருக்கின்றன.

ஏற்றுமதி என்று வந்தால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதித்தொகுப்பில் 210, 211, 600 முதலான பகுதிகளும், ஐரோப்பிய நல்லுற்பத்தி நெறிமுறையின் முதல் இணைப்பும் இரண்டாம் இணைப்பும் தெரிந்திருக்க வேண்டும். கிருமியற்ற மருந்துகளுக்கான முதல் இணைப்பின் புதிய வடிவம் 2023 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரப்பும் இடமான ஏ தர அறையில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக் கூடாது. பஞ்சு பறக்கும் ஊரிலிருந்து வருபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

யார் யார் சேரலாம்? எந்திரப் பொறியியல் படித்தவருக்கு இங்கே என்ன வேலை?

பி.டெக். உயிர்த்தொழில்நுட்பம், பி.இ. அல்லது பி.டெக். வேதிப்பொறியியல், பி.பார்ம்., எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், எம்.எஸ்சி. உயிர்வேதியியல் ஆகியவை வழக்கமான வாயில்கள். பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்கள் முதலில் எம்.எஸ்சி. செய்வதே பெரும்பாலும் வழி.

எந்திரப் பொறியாளர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஊசிமருந்துக்கான தூய நீர் அமைப்பு, காற்றுக் கையாளும் அமைப்பு, நீராவிக் கிருமிநீக்கி, 316எல் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களின் உட்பரப்பு மெருகு ஆகியவற்றையெல்லாம் வேலிடேஷன் (சரியாக இயங்குவதைச் சோதித்து மெய்ப்பித்தல்) செய்பவர்களில் பலர் எந்திரவியல் படித்தவர்கள். பம்பும் வால்வும் செய்யும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அந்நியமான உலகம் அல்ல. ஆனால் அவர்கள் நுண்ணுயிரியலில் ஓர் அடிப்படைத் தாளாவது படித்தாக வேண்டும். குழாயில் நீர் தேங்கி நிற்கும் ஒரு விரற்கடை இடம் ஏன் ஆபத்து என்பது எந்திரவியல் புத்தகத்தில் இல்லை.

கொங்குப் பகுதியிலேயே படிக்க முடியுமா?

அடித்தளத்தை இங்கேயே இட்டுக்கொள்ளலாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, குமரகுரு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் ஆகிய கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை உண்டு. கோவை, ஈரோடு, குமாரபாளையம் பகுதிகளில் மருந்தியல் கல்லூரிகள் பல. இந்திய மருந்தியல் குழுமத்தின் எம்.பார்ம். பாடப்பிரிவுகளில் தர உறுதி, ஒழுங்குமுறை விவகாரம், மருந்தியல் உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவை தனித்தனியே உள்ளன. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதைச் சேருமுன் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரிமருந்து உற்பத்தியையே முழுப் பொருளாகக் கொண்ட படிப்பு வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும்.

வெளியே என்றால் எங்கே?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பயோபார்மசூட்டிகல் டெக்னாலஜி என்ற பெயரிலேயே எம்.டெக். நடத்தப்பட்டு வந்திருக்கிறது. மொகாலி, ஹைதராபாத், அகமதாபாத் முதலிய இடங்களிலுள்ள நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும், மும்பை வேதித்தொழில்நுட்ப நிறுவனமும் அடுத்துப் பார்க்கத் தக்கவை.

வெளிநாட்டில் மூன்று மாதிரிகளைச் சொல்வேன். முதலாவது, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள உயிரி உற்பத்திப் பயிற்சி மையம். தொழிற்சாலை அளவுக் கருவிகளில் மாணவர்களை வேலை செய்ய விடுகிறார்கள். புகையிலையையும் நெசவையும் நம்பியிருந்த மாநிலம் அது. புகையிலை நிறுவனங்கள் கட்டிய இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பங்கில்தான் அந்த மையம் எழுந்தது. நம்மூர்த் தொழில் அமைப்புகள் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம் என்று எனக்கு ஆசை உண்டு. இரண்டாவது, அயர்லாந்து. டப்ளினில் உள்ள நிபர்ட் என்ற பயிற்சி நிறுவனமும் அதோடு இணைந்த பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளுக்காகவே ஆள் தயாரிக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே இணையவழி படிக்கும் பாடங்களும் அங்கே உண்டு. மூன்றாவது, ஒழுங்குமுறை அறிவியலையும் உயிரித்தொழில்நுட்பத்தையும் பிணைத்துத் தரும் பர்டியூ பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு. தான்சானியாவின் மோஷி நகரில் கிளிமஞ்சாரோ மருந்தியல் பள்ளியுடன் சேர்ந்து ஆப்பிரிக்க மருந்தாளுநர்களுக்கும் அதைக் கற்பித்தார்கள். உரிமம் தருபவரும் உரிமம் கேட்பவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் அந்த ஏற்பாடு இந்தியாவில் வர வேண்டிய ஒன்று.

ஒரு பாடத்திட்டம் தரமானதா என்று சேருமுன் எப்படி அறிவது?

விளம்பரத் தாளைப் பார்க்காதீர்கள். மாதிரி உற்பத்திக்கூடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், அங்கே மாணவர் கையாலேயே ஃபெர்மென்டரை (நுண்ணுயிர் வளர்க்கும் கொள்கலனை) இயக்கலாமா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா என்று கேளுங்கள். பேட்ச் ரெக்கார்டை (ஒரு தொகுதியின் உற்பத்திப் பதிவேட்டை) மாணவரே எழுதுகிறாரா? எழுதியதில் ஒரு டீவியேஷன் (நடைமுறையிலிருந்து விலகல்) வந்தால் அதன் வேர்க்காரணத்தைத் தேடி அறிக்கை தர வைக்கிறார்களா? தொழிற்சாலையிலிருந்தோ ஒழுங்குமுறை அலுவலகத்திலிருந்தோ வந்து பாடம் எடுப்பவர்கள் எத்தனை பேர்? ஆறு மாதம் நிறுவனத்தில் செய்யும் புராஜெக்ட் கட்டாயமா?

இவற்றுக்கு நேரடியான விடை கிடைக்காத இடத்தில் கட்டணம் குறைவு என்பதற்காகச் சேர வேண்டாம். ஒழுங்குமுறையை மட்டும் கற்பிக்கும் ஓராண்டு டிப்ளமோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஏற்கெனவே உற்பத்தியிலோ தர ஆய்வகத்திலோ இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு அவை மிகவும் பயன்படும். கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு அவை மனப்பாடமாகவே முடியும்.

எங்கள் குடும்பம் பனியன் ஏற்றுமதியில் இருக்கிறது. பையர் ஆடிட், சான்றிதழ் எல்லாம் பார்த்துப் பழகிய அனுபவம் உதவுமா?

உதவும், ஒரு எல்லை வரை. எழுதி வைத்த நடைமுறை, பயிற்சிப் பதிவு, ஒரு துணியை நூல் லாட் வரை பின்னோக்கித் தேடிச் செல்லும் வசதி ஆகியவற்றின் பயன் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்டவர்களுக்கு, விதியைத் தள்ளிப்போடுவதன் விலையும் தெரியும்.

பழக்கம் மாற வேண்டிய இடமும் உண்டு. ஆடிட்டர் வருகிறார் என்றதும் முந்தைய வாரம் உட்கார்ந்து பதிவேடுகளைச் 'சரிசெய்யும்' வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மருந்துத் துறையில் அது குற்றம். வேலை நடந்த அந்த நேரத்திலேயே, செய்தவரே, அழிக்க முடியாதபடி எழுத வேண்டும்; தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம், கையொப்பம், தேதி இட வேண்டும். கணினிப் பதிவுகளுக்கு அமெரிக்காவில் 1997 முதலே தனி விதிப்பகுதி இருக்கிறது. எஃப்.டி.ஏ. இந்திய நிறுவனங்களுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களை அதன் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். அவற்றில் மருந்தின் தரத்தைப் பற்றிய பேச்சோடு, கிழித்துப்போட்ட பதிவுத் தாள்களையும் அழிக்கப்பட்ட சோதனைத் தரவுகளையும் பற்றிய பேச்சும் அடிக்கடி வரும். படிப்பில் சேருமுன் பத்துக் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். அலுப்பாக இருந்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவராது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

படித்து முடித்தபின் கோவையிலேயே வேலை கிடைக்குமா?

பெற்றோர் விரும்பும் விடை என்னிடம் இல்லை. பெரிய உயிரிமருந்து ஆலைகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே, அகமதாபாத் பக்கங்களில் இருக்கின்றன. நமக்கு அருகில் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரிக்கும் ஊட்டிக் கூடமும் உண்டு. அங்கே இடங்கள் குறைவு. பெங்களூரு இரவு ரயில் தூரம்தான் என்பது ஓர் ஆறுதல்.

தொழில் தொடங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய கொள்கலன், குழாய் இணைப்பு, வால்வு ஆகியவற்றைச் செய்யும் கைத்திறன் இங்கே இருக்கிறது; எஃகின் மூலச் சான்று, வெல்டிங் பதிவு, மேற்பரப்பு அளவீடு ஆகியவற்றை ஆய்வாளர் ஏற்கும் வடிவில் தரத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்த இடத்தில் இந்தப் படிப்பு படித்த ஒருவர் சொந்தப் பட்டறையில் உட்கார்ந்தால் தனிச் சந்தையே உருவாகும் என்று நம்புகிறேன்.

தடுப்பூசி முட்டையில் வளர்க்கப்படுகிறது என்கிறார்கள். நாமக்கல்லுக்கு அதில் வாய்ப்பு உண்டா?

இன்ஃபுளுயன்சா தடுப்பூசி பெருமளவு இன்றும் கருவுற்ற கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போவது சாப்பாட்டு முட்டை. அதில் கரு இல்லை. தடுப்பூசிக்கு வேண்டியவை கட்டுப்பாட்டில் வளர்க்கும் மந்தையின் முட்டைகள். சில தடுப்பூசிகளுக்குக் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் எவையும் இல்லாத மந்தையே வேண்டும். அந்த மந்தைக்கு வடிகட்டிய காற்று, தனிக் கொட்டகை, இடைவிடாத ரத்தப் பரிசோதனை வேண்டும். கோழி வளர்ப்பு அறிவு இருக்கிறது என்பதால் பாதி தூரம் வந்துவிட்டதாக நினைக்கலாம். மீதிப் பாதிதான் செலவு.

பெண்களுக்கு இரவுப் பணி இருக்குமா?

செல்கள் இரவில் உறங்குவதில்லை என்பதால் உற்பத்திப் பிரிவில் ஷிஃப்டு உண்டு. தர ஆய்வகத்திலும் ஒழுங்குமுறைப் பிரிவிலும் பெரும்பாலும் பகல் வேலை. கிளீன் ரூமுக்குள் பூ, பொட்டு, வளையல், ஒப்பனை எதுவும் கூடாது. தாலிச்சங்கிலி பற்றி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நடைமுறை இருக்கும். திருமணமான பெண்கள் நேர்முகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

உதவித்தொகை, கடன் பற்றி?

பொறியியல் முதுநிலைக்கான கேட் அல்லது மருந்தியல் முதுநிலைக்கான ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்பு பெற்ற கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. கல்விக்கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை பிணைச்சொத்து இல்லாமல் தரும் திட்டமும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு அது போதாது. தோட்டத்தை அடகு வைக்குமுன், உள்நாட்டில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். அனுபவத்தோடு போகிறவருக்கு வகுப்பும் புரியும், வேலையும் விரைவில் கிடைக்கும்.

எந்தத் தேர்வுக்கு எப்போது தயாராக வேண்டும்?

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர் பி.டி. தாளையும், வேதிப்பொறியியல் படித்தவர் சி.எச். தாளையும் எழுதலாம். மருந்தியல் படித்தவருக்கு ஜிபேட். நைப்பரில் சேர அதில் தகுதி பெற்றபின் நைப்பரின் தனி நுழைவுத்தேர்வையும் எழுத வேண்டும். மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற எம்.எஸ்சி., எம்.டெக். படிப்புகளுக்கு காட்-பி என்ற தேர்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.டெக். இடங்களுக்கு சீட்டா என்ற மாநிலத் தேர்வு இருக்கிறது. கேட் மதிப்பெண் உள்ளவர்களுக்கு அந்த இடங்களில் முன்னுரிமை. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் பாடத்தைத் தொடங்கினால் பதற்றமில்லாமல் எழுதலாம். நான்காம் ஆண்டு புராஜெக்ட்டை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு விண்ணப்பத் தேதியே கடந்திருக்கும்.